ரிக் முகாமுக்குப் போகும் கர்ப்பிணிக்கு எந்த மலேரியாத் தடுப்பு பொருந்தும்?

திருச்செங்கோட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு ஏதேனும் ஒரு வகையில் தொடர்பில்லாத குடும்பத்தைக் காண்பது அரிது. அந்த வண்டிகள் சத்தீஸ்கர், ஒடிசா, ஜார்க்கண்ட் என்று வடக்கே போகின்றன. கடல் கடந்து ஆப்பிரிக்க நாடுகளுக்கும் போகின்றன. வண்டியோடு ஆண்கள் மட்டும் போய்வருவது பழைய வழக்கம். போன இடத்திலேயே வீடு எடுத்துத் தங்கி, திருமணம் ஆனதும் மனைவியையும் அழைத்துக்கொள்ளும் இளைஞர்கள் இப்போது பெருகியிருக்கிறார்கள். அதனால் முன்பு எழாத ஒரு கேள்வி வீடுகளில் எழுகிறது. மருமகள் முழுகாமல் இருக்கிறாள், மகன் சத்தீஸ்கரின் பஸ்தரிலோ ஆப்பிரிக்காவின் தான்சானியாவிலோ இருக்கிறான், அவளை இப்போது அனுப்பலாமா, அனுப்புவதானால் மலேரியா வராமல் இருக்க என்ன ஏற்பாடு செய்து அனுப்புவது?

நான் மருத்துவன் அல்லன். நாமக்கல் மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆய்வக நுட்பனராக இருந்து, இரத்தத் தடவல்களுக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பதிலேயே பணிக்காலத்தைக் கழித்தவன். அந்தப் பழக்கத்தால் இக்கேள்வியோடு என்னிடம் வருபவர்கள் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் “ஒரு நல்ல மாத்திரை பேரைச் சொல்லுங்க, வாங்கிக் குடுத்து அனுப்பீரலாம்” என்றுதான் தொடங்குவார்கள். மாத்திரையின் பெயர் கடைசியில் வர வேண்டிய செய்தி. அவள் எந்த இடத்துக்குப் போகிறாள், எத்தனையாவது மாதத்தில் போகிறாள், அவள் உடல் இதற்கு முன் மலேரியாவைச் சந்தித்திருக்கிறதா என்ற மூன்றும் தெரிந்த பிறகே எந்த வழி பொருந்தும் என்று ஒப்பிட முடியும். இம்மூன்றில் கடைசியாகச் சொன்னதை எவரும் கேட்பதில்லை; முடிவை மாற்றுவது அதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

மலேரியாவைத் தரும் ஒட்டுண்ணிகளில் ஃபால்சிபாரம், வைவாக்ஸ் என்ற இரண்டும் இந்தியாவில் முதன்மையானவை. கர்ப்பிணிக்கு ஃபால்சிபாரம் மிகவும் கொடியது. அது குடியேறிய சிவப்பணுக்கள் நஞ்சுக்கொடியில் உள்ள காண்ட்ராய்ட்டின் சல்ஃபேட் என்ற பொருளைப் பற்றிக்கொண்டு அங்கேயே தேங்கிவிடுகின்றன. தாயிடமிருந்து பிள்ளைக்குப் பிராணவாயுவும் சத்தும் செல்லும் வாசலே அந்த இடம் என்பதால், பிள்ளையின் வளர்ச்சி குன்றுகிறது. தாய்க்கு இரத்தசோகை முற்றுகிறது. குழந்தை 2.5 கிலோவுக்குக் குறைவான எடையோடு அல்லது மாதம் நிறையாமல் பிறக்கிறது. சில குழந்தைகள் வயிற்றிலேயே இறந்துவிடுகின்றன. எடை குறைந்து பிறக்கும் குழந்தைக்குப் பாலை உறிஞ்சும் வலுவும், உடல் சூட்டைக் காத்துக்கொள்ளும் திறனும், தொற்றை எதிர்க்கும் ஆற்றலும் குறைவு என்பதால் முதல் மாதம் அதற்குக் கண்டம் நிறைந்த மாதமாகிறது. வைவாக்ஸ் நஞ்சுக்கொடியில் அவ்வாறு தேங்குவது குறைவு. ஆயினும் அதுவும் தாயின் இரத்தத்தைக் குறைத்துப் பிள்ளையின் எடையைக் குறைக்கவே செய்கிறது.

இனி உடலின் பழக்கத்துக்கு வருகிறேன். மலேரியா மிகுந்த ஆப்பிரிக்கச் சிற்றூரில் பிறந்து வளர்ந்த பெண், குழந்தைப் பருவத்திலிருந்து எத்தனையோ முறை அந்த நோயைக் கண்டு ஓரளவு எதிர்ப்பாற்றல் பெற்றிருப்பாள். அவளுக்குக் காய்ச்சலே இல்லாமல் நஞ்சுக்கொடியில் மட்டும் ஒட்டுண்ணி இருக்கலாம். முதல் பிரசவத்தில் அவளுக்கு ஆபத்து அதிகம். நஞ்சுக்கொடியில் ஒட்டும் வகைக்கு எதிரான ஆற்றலும் மெல்ல மெல்ல உண்டாவதால் அடுத்தடுத்த பிரசவங்களில் ஆபத்து குறையும். நம் ஊர்ப் பெண்ணுக்கு இவை எதுவும் பொருந்தாது. அவளுக்கு முதல் பிரசவமும் மூன்றாவது பிரசவமும் ஒரே அளவு ஆபத்துடையவை. ஒட்டுண்ணி புகுந்தால் அமைதியாக இருக்காது. சில நாட்களில் கடுங்காய்ச்சலாகி, மூளையைத் தாக்குவது, நுரையீரலில் நீர் கோப்பது, இரத்தச் சர்க்கரை சரிவது என்று தாயின் உயிருக்கே வந்து நிற்கும்.

கொங்கு நாடு இந்த நோயை அறியாத நாடாக எப்போதும் இருந்ததில்லை. ஆனைமலையிலும் நீலகிரிச் சரிவுகளிலும் காட்டைத் திருத்தித் தோட்டம் போட்ட காலத்தில் முறைக்காய்ச்சல் கூலியாட்களை வாட்டியது. கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள உறவை 1897-ல் செகந்திராபாத்தில் கண்டறிந்த ரொனால்டு ராஸ், அதே ஆண்டில் அதற்குச் சில மாதங்கள் முன்பு நீலகிரியின் சீகூர்ப் பக்கம் ஆராய வந்து தானே அந்தக் காய்ச்சலில் விழுந்தார். நீலகிரியின் நடுவட்டத்தில், மலேரியாவுக்கு அக்காலத்தில் கொடுத்த கொய்னா மருந்துக்காகவே சின்கோனா மரம் வளர்த்தார்கள். வால்பாறைக்கு அருகில் சின்கோனா என்றே ஓர் ஊர் இன்றும் இருக்கிறது. பிற்காலத்தில் சேலம் போன்ற நகரங்களில் மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும் பெருகும் ஸ்டீபன்சி என்ற கொசு நகர மலேரியாவைப் பரப்பியது. அந்த நிலைமை மாறி நோய் அருகிவிட்டது பெரிய நன்மை. அந்த நன்மையின் மறுபக்கமாகத்தான் நம் வீட்டுப் பெண்கள் எதிர்ப்பாற்றல் சிறிதும் இல்லாத உடலோடு பஸ்தர் காட்டுக்குப் போகிறார்கள் என்பதைக் குடும்பத்தார் உணர வேண்டும்.

போகாமல் இருப்பது

ஒப்பிட வேண்டிய வழிகளில் முதலாவது பயணத்தைத் தள்ளிவைப்பது. மலேரியா உள்ள பகுதிக்குக் கர்ப்பிணிகள் தவிர்க்க முடிந்தால் போக வேண்டாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. எதிர்ப்பாற்றல் இல்லாத பெண்ணுக்கு இதற்கு இணையான தடுப்பு வேறில்லை. எந்த மருந்தும் வலையும் முழுக் காப்புத் தருவதில்லை.

இதைச் சொல்வது எளிது, கடைப்பிடிப்பது கடினம் என்பதை நான் அறிவேன். கணவனைப் பிரிந்து பத்து மாதம் மாமியார் வீட்டில் இருப்பது புதிதாக வந்த பெண்ணுக்கு எளிதன்று; பிரிவும் உடலை வருத்தும். ஆயினும் நம் பக்கத்து வழக்கமே இங்கே துணைக்கு வருகிறது. கட்டுச்சோறு விருந்து முடித்துத் தாய்வீட்டார் அழைத்துப்போவதும், தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடப்பதும் இங்கே யாரும் கேள்வி கேட்காத முறைகள். அந்த அழைப்பைச் சில மாதங்கள் முன்னதாக வைத்துக்கொள்வதில் பெரியவர்களுக்கு மனக்குறை வராது. அப்படி நடந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

முழுப் பத்து மாதமும் முடியாது என்றால், முதல் மூன்று மாதங்களையாவது தவிர்க்க வேண்டும் என்பேன். பிள்ளையின் உறுப்புகள் உருவாகும் அந்தக் காலத்தில் கொடுக்கத் தகுந்த மருந்துகள் மிகக் குறைவு. ஃபால்சிபாரத்துக்கு நெடுங்காலம் கொய்னாதான் கொடுத்தார்கள். அது ஏழு நாள், நாளொன்றுக்கு மூன்று வேளை விழுங்க வேண்டிய கசப்பு மருந்து, கர்ப்பிணியின் இரத்தச் சர்க்கரையையும் இறக்கிவிடும். ஆர்ட்டிமீத்தர்–லூமிஃபான்ட்ரின் கூட்டு மருந்தை முதல் மூன்று மாதத்திலும் தரலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் தான் பரிந்துரைத்தது. கடைசி இரண்டு மாதங்களும் தவிர்க்கத் தக்கவையே. அப்போது நோய் வந்தால் குறைப்பிரசவம் நேரும் இடம், நல்ல மருத்துவமனையிலிருந்து எத்தனை மணி நேரத் தொலைவு என்று முகாமில் இருப்பவரைக் கேட்டுப் பாருங்கள்.

வலையா, புகையா, களிம்பா

போவது என்று முடிவானால், மாதமும் மருந்தும் பார்க்காமல் முதல் நாளிலிருந்து பிள்ளை பிறக்கும் நாள் வரை பயன்படுத்தத் தக்கது பூச்சிமருந்து ஏற்றிய கொசுவலை. மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் அந்தியிலிருந்து விடியும் வரை கடிக்கும் கொசு. பகலில் கடித்து டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு வலை அவ்வளவாகப் பயன்படாது. அனாபிலிசுக்கு இதைவிடப் பொருத்தமான தடை இல்லை. சாதாரண வலையில் கை பட்டுக்கொண்டிருந்தால் வெளியிலிருந்தே கடித்துவிடும்; மருந்தேற்றிய வலையில் உட்கார்ந்த கொசு செத்துவிடும். ஆப்பிரிக்காவில் நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில், மருந்தேற்றிய வலையில் உறங்கிய கர்ப்பிணிகளுக்கு எடை குறைந்த குழந்தை பிறப்பது ஏறத்தாழ 23 சதவீதமும், முதல் நான்கு கர்ப்பங்களில் கரு கலைவதும் இறந்து பிறப்பதும் சேர்த்து ஏறத்தாழ 33 சதவீதமும் குறைந்திருந்தன. பிறந்த குழந்தையும் அதே வலைக்குள் தாயோடு உறங்கும் என்பது கூடுதல் பயன்.

வலையின் குறை, அதற்குள் இருக்கும் நேரத்துக்கு மட்டுமே அது காக்கும் என்பது. காம்பியாவில் நடந்த ஓர் ஆய்வில் கர்ப்பிணிகளை மற்றப் பெண்களைவிட இரண்டு மடங்கு கொசுக்கள் நாடி வந்தன. கர்ப்பிணி வெளிவிடும் மூச்சுக்காற்று மிகுதி, வயிற்றின் சூடும் சற்று அதிகம் என்பவை அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். அதே ஆய்வு இன்னொன்றையும் கவனித்தது: சிறுநீர் கழிக்க இரவில் வலையை விட்டு எழுந்து போவதும் அவர்களே அதிகம். முகாம் வீட்டில் கழிப்பிடம் வெளியே தள்ளி இருக்குமானால், வலை கட்டியதோடு கடமை முடிந்தது என்று எண்ணக் கூடாது. அனுப்புவதற்கு முன் மகனிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி கழிப்பிடம் வீட்டுக்குள் இருக்கிறதா என்பதே என்று நான் சொல்லும்போது சிலர் வியந்து பார்ப்பார்கள்.

அந்தியில் சமைக்கும் நேரத்துக்கும் இரவில் எழும் நேரத்துக்கும் டீட் என்ற கொசுவிரட்டிப் பொருள் கலந்த களிம்பைக் கை, கால், பாதங்களில் பூசிக்கொள்ளலாம். தாய்லாந்தில் கர்ப்பத்தின் பிற்பகுதியில் நாள்தோறும் 20 சதவீத டீட் பூசிய பெண்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் தீங்கு காணப்படவில்லை. நம் கடைகளில் கிடைக்கும் களிம்புகள் பலவற்றில் டீட்டின் அளவு அதைவிடக் குறைவு. ஆகவே அவற்றைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். சுவரில் செருகும் திரவ மருந்து மின்சாரம் உள்ளவரை மட்டுமே வேலை செய்யும். கொசுவர்த்திச் சுருளையும், நொச்சியும் வேப்பிலையும் போட்டு மூட்டும் புகையையும் கர்ப்பிணி உறங்கும் அறைக்குள் வைக்க வேண்டாம். கொசு சிறிது விலகும், புகை அவளுக்குள் போகும். சுவரில் பூச்சிமருந்து அடிப்பது அரசின் சுகாதாரத் துறை செய்வது. அடிக்க வந்தால் மறுக்காமல் இடம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

வலையைத் துவைத்தால் வெயிலில் உலர்த்தாதீர்கள், நிழலில் உலர்த்துங்கள். மருந்தின் வீரியம் வெயிலில் போய்விடும். ஏறத்தாழ இருபது துவைப்பு அல்லது மூன்று ஆண்டு வரை தாங்கும் வலை, வெயிலால் வெறும் துணியாகிவிடுவதை நான் கண்டிருக்கிறேன்.

மாத்திரைகளின் ஒப்பீடு

குழப்பம் மிகுந்த இடம் இது. ஆப்பிரிக்காவில் இருக்கும் கணவன், “இங்கே ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகளுக்கெல்லாம் மாதம் ஒருமுறை மூணு மாத்திரை குடுக்கறாங்க, அது போதும்” என்று போனில் சொல்லுவான். அவன் சொல்வது பொய்யன்று. சல்ஃபடாக்சின்–பைரிமெத்தமின் என்ற அந்த மருந்தை, நான்காம் மாதத்திலிருந்து ஒரு மாத இடைவெளிக்குக் குறையாமல், குறைந்தது மூன்று முறையாவது, ஒவ்வொரு முறையும் மூன்று மாத்திரை சேர்த்துக் கொடுப்பது அங்கே நடைமுறை. இரண்டு முறை கொடுப்பதைவிட மூன்றும் அதற்கு மேலும் கொடுத்தபோது பிறந்த குழந்தைகளின் எடை சராசரியாக 56 கிராம் கூடியது என்று 2013-ல் வெளியான தொகுப்பாய்வு காட்டியது. 56 கிராம் சிறிதாகத் தோன்றும். எடை குறைந்து பிறக்கும் ஆபத்து அதனால் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது என்று சேர்த்துப் படித்தால் அதன் பெருமை விளங்கும்.

ஆனால் அது ஏற்கெனவே ஓரளவு எதிர்ப்பாற்றல் உள்ள பெண்ணின் நஞ்சுக்கொடியில் மறைந்திருப்பதை அவ்வப்போது துடைத்து எடுக்கும் முறை. நம் பெண்ணைப் போன்றவருக்கு இரண்டு தவணைகளுக்கு நடுவே ஒட்டுண்ணி நுழைந்து பெருகினால் தடுத்து நிறுத்த உடலில் எதுவும் இல்லை. ஆகவே வெளியூரிலிருந்து போகும் பயணிக்கு இதைத் தடுப்பு மருந்தாகப் பரிந்துரைப்பதில்லை. இந்தியாவின் மலேரியாத் திட்டத்திலும் கர்ப்பிணிகளுக்கு இம்முறை இல்லை. இங்கே இந்த மருந்து ஆர்ட்டிசுனேட்டோடு சேர்த்து ஃபால்சிபாரத்துக்குச் சிகிச்சையாகத் தரப்படுகிறது.

அங்கேயே ஆண்டுக்கணக்கில் வாழும் நம் பெண்ணுக்கு அந்நாட்டு மருத்துவமனை இதைக் கொடுக்க முன்வந்தால், அங்குள்ள மருத்துவரிடம் ஃபோலிக் அமிலத்தைப் பற்றிக் கட்டாயம் பேச வேண்டும். நம் ஊர்த் தனியார் மருத்துவமனைகளில் கர்ப்பம் உறுதியானதும் 5 மில்லிகிராம் ஃபோலிக் அமில மாத்திரை எழுதிக்கொடுப்பது பரவலான வழக்கம். அந்த அளவு, சல்ஃபடாக்சின்–பைரிமெத்தமின் ஒட்டுண்ணியைக் கொல்லும் வேலையைக் கெடுத்துவிடும். நாளொன்றுக்கு 0.4 மில்லிகிராம் அளவு கெடுக்காது. அரசு தரும் இரும்புச்சத்து மாத்திரையில் இருப்பது 0.5 மில்லிகிராம். ஊரிலிருந்து பத்து மாதத்துக்கும் சேர்த்து 5 மில்லிகிராம் மாத்திரையைப் பையில் போட்டு அனுப்பும் தாய், தன் மகளின் மலேரியாத் தடுப்பைத் தானே தளர்த்துகிறாள் என்பதை அறிய வாய்ப்பே இல்லை. பிள்ளையின் மூளையும் தண்டுவடமும் சரியாக உருவாகாத நரம்புக்குழாய்க் குறை முன்பு நேர்ந்த பெண்களைப் போன்றோருக்கு அந்தப் பெரிய அளவு தேவைப்படும். ஆகையால் தானாக நிறுத்தவும் கூடாது.

எதிர்ப்பாற்றல் இல்லாத கர்ப்பிணி ஃபால்சிபாரம் மிகுந்த இடத்துக்குப் போயே தீர வேண்டும் என்றால், மருத்துவர்கள் எண்ணிப் பார்க்கும் தடுப்பு மருந்து மெஃப்ளோக்வின். வாரம் ஒரு 250 மில்லிகிராம் மாத்திரை. புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே தொடங்கி, அங்கிருக்கும் காலம் முழுவதும் எடுத்து, திரும்பி வந்தபின் நான்கு வாரம் தொடர வேண்டும். கர்ப்பத்தின் எல்லா மாதங்களிலும் தரலாம் என்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் கூறுகிறது. தலைசுற்றல், உறக்கமின்மை, கெட்ட கனவு, மனக்கலக்கம் ஆகியவற்றை இது சிலருக்கு உண்டாக்கும். மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்றவர்கள், வலிப்பு வந்தவர்கள், இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்கள் எடுக்கக் கூடாது. நம் வீடுகளில் பெண்ணின் மனச்சோர்வை வெளியே சொல்லாமல் மறைப்பார்கள். இந்த மருந்தை எழுதும் மருத்துவரிடம் அதை மறைத்தால் விளைவு கெட்டதாக முடியலாம். இரண்டு வாரம் முன்பே தொடங்குவதில் இன்னொரு பயனும் இருக்கிறது: ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஊரில் இருக்கும்போதே தெரிந்துவிடும்.

மற்றவற்றை விரைவில் சொல்லிவிடலாம். ரிக் வண்டி ஆண்கள் எடுக்கும் டாக்சிசைக்ளின் கர்ப்பிணிக்கு ஆகாது. கணவனின் மாத்திரையைப் பகிர்ந்துகொள்ளக் கூடாது. அடோவகோன்–புரோகுவானில் பற்றிக் கர்ப்பத்தில் போதிய ஆய்வு இல்லாததால் பரிந்துரைப்பதில்லை. குளோரோகுவின் கர்ப்பிணிக்குப் பாதுகாப்பானது. ஆனால் அசாமில் 1973-ல் தொடங்கி ஃபால்சிபாரம் அதற்கு அடங்காததாகிவிட்டது என்பதால், பஸ்தருக்கோ ஆப்பிரிக்காவுக்கோ அதை நம்பிப் போவது பழைய பூட்டைப் புதிய கதவில் மாட்டுவது போலாகும். அண்மையில் வந்த மலேரியாத் தடுப்பூசிகள் இரண்டும் குழந்தைகளுக்கானவை. நிலவேம்புக் குடிநீர் மலேரியாவைத் தடுக்கும் என்று நிறுவப்படவில்லை. சித்த மருத்துவரைக் கேளாமல் கர்ப்பிணிக்குக் கொடுக்கவும் கூடாது.

காய்ச்சல் வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்பது

தடுப்பு எதுவும் வேண்டாம், காய்ச்சல் வந்தால் உடனே சோதித்து மருந்து கொடுத்தால் போதும் என்பது நான்காவது வழி. நம் நாட்டுத் திட்டம் பெரும்பாலும் இதையே நம்பியிருக்கிறது. காய்ச்சலுக்குக் காத்திராமல் ஒவ்வொரு கர்ப்பப் பரிசோதனையிலும் மலேரியாவுக்கும் சோதிப்பது நல்லதா என்று ஜார்க்கண்டில் ஊர் ஊராகப் பிரித்து ஆராய்ந்தார்கள்; 2019-ல் வெளியான அந்த முடிவில், முறையாகச் சோதித்த ஊர்களில் தொற்று கூடுதலாகக் கண்டுபிடிக்கப்பட்டபோதும் நஞ்சுக்கொடி மலேரியா குறைந்ததாகத் தெரியவில்லை. விரல் நுனி இரத்தத்தில் ஒட்டுண்ணி சிறிதளவே இருக்க, பெரும்பகுதி நஞ்சுக்கொடியில் ஒளிந்திருந்தால் ஒரு துளி இரத்தத்தை அட்டையில் விட்டு உடனே பார்க்கும் அட்டைச் சோதனை காட்டாமல் போகலாம். அதனால் ஒருமுறை இல்லை என்று வந்ததை வைத்து அமைதியடையாமல், காய்ச்சல் நீடித்தால் ஒரு நாள் விட்டு மறுமுறையும் மூன்றாம் முறையும் பார்க்க வேண்டும். தடித்த தடவலில் நூறு புலங்களை, அதாவது நுண்ணோக்கியில் ஒரே நேரத்தில் தெரியும் வட்டங்கள் நூற்றை, பார்க்காமல் ‘இல்லை’ என்று எழுதக் கூடாது என்பது எங்களுக்குக் கற்பித்த பாடம்.

இதைத் தனி வழியாக நான் ஏற்கவில்லை. மற்ற வழிகளோடு சேர்ந்து கட்டாயம் இருக்க வேண்டியதாக ஏற்கிறேன். நான் இவ்வாறு சொல்வதற்கு ஒரு நிகழ்ச்சி காரணம். பல ஆண்டுகளுக்கு முன் சத்தீஸ்கர் முகாமிலிருந்து எட்டாம் மாதத்தில் ஊர் திரும்பிய ஒரு பெண்ணுக்குக் குளிரோடு காய்ச்சல் வந்தது. முதலில் பார்த்த இடத்தில் சிறுநீர்த் தொற்று என்று கருதி ஐந்து நாள் மருந்து கொடுத்தார்கள். கர்ப்பத்தில் அது அடிக்கடி வருவதுதான். எங்கிருந்து வந்தாள் என்று அவர்கள் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை. ஆறாம் நாள் எங்கள் நிலையத்துக்கு வந்தபோது நான் தடவல் எடுத்து ஜே.எஸ்.பி. சாயமேற்றி லென்சின் கீழ் வைத்தேன். ஒவ்வொரு புலத்திலும் மோதிரம் மோதிரமாக ஃபால்சிபாரம் நின்றது. அன்றே மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பினோம். குழந்தை மாதம் நிறையாமல் 1.9 கிலோ எடையில் பிறந்து, பல நாள் சூட்டுப் பெட்டியில் இருந்து பிழைத்தது. அந்த ஐந்து நாளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இப்போதும் மனம் ஆறுவதில்லை. எத்தனை மருந்து கண்டுபிடித்தாலும் “எங்கே போய் வந்தீர்கள்” என்ற ஒரு கேள்வி கேட்கப்படாவிட்டால் பயனில்லை. ஆகவே பெண்ணின் தாய்-சேய் நல அட்டையின் முதல் பக்கத்தில் போன இடத்தையும் திரும்பிய தேதியையும் பெரிதாக எழுதிவைக்கச் சொல்கிறேன். கிராம சுகாதார செவிலியரிடமும் சொல்லிவிட வேண்டும்.

லைன் வீட்டுப் பெண்

இதே ஒப்பீட்டை எதிர்த் திசையில் வரும் பெண்ணுக்கும் செய்து பார்க்க வேண்டும். தன்பாத் எக்ஸ்பிரஸில் ஏறி ஒடிசாவின் ராயகடாவிலிருந்தும் ஜார்க்கண்டின் ராஞ்சிப் பக்கத்திலிருந்தும் திருப்பூருக்கு வந்து, பனியன் கம்பெனியில் வேலை செய்துகொண்டு வரிசையாகக் கட்டி வாடகைக்கு விடும் லைன் வீட்டில் குடியிருக்கும் பெண்கள் நம் சகோதரிகளே. அவர்களுக்கு இங்கே கொசுவால் வரும் ஆபத்து குறைவு. உடலுக்குள் கொண்டு வந்ததால் வரும் ஆபத்து உண்டு. வைவாக்ஸ் ஒட்டுண்ணி ஈரலில் உறங்கிக் கிடந்து பல மாதம் கழித்து மீண்டும் எழும். அந்த உறக்க வடிவத்தை அழிக்கும் பிரைமாகுவின் மருந்தை, பிள்ளையின் சிவப்பணுக்களைச் சிதைக்கலாம் என்பதால் கர்ப்பத்தில் தரக் கூடாது. ஆதலால் காய்ச்சலைக் குளோரோகுவினால் தணித்துவிட்டு, மீண்டும் வராதபடி பிரசவம் வரை வாரந்தோறும் அதைத் தொடர்வதா என்று மருத்துவர் முடிவு செய்வார். பிரைமாகுவின் பிரசவத்துக்குப் பிறகுதான். பால் கொடுக்கும் காலத்தில் குழந்தையின் வயதையும், இந்த மருந்தால் சிவப்பணு சிதையுமா என்று காட்டும் ஜி6பிடி என்ற நொதிச் சோதனையையும் பார்த்தே தருவார்கள்.

அவள் பிரசவத்துக்கு மழைக்காலத்தில் சொந்த ஊருக்குப் போவதா, இங்கேயே அரசு மருத்துவமனையில் பெற்றுக்கொள்வதா என்பதே அவள் வீட்டில் எழும் கேள்வி. சில ஆண்டுகள் இங்கே இருந்துவிட்டால் அவளுடைய பழைய எதிர்ப்பாற்றலும் தேய்ந்திருக்கும். பிறந்த ஊர்தானே என்று வலையில்லாமல் உறங்கினால் நம் பெண்ணைப் போலவே அவளும் விழுவாள். அவளுடைய தாயைத் திருப்பூருக்கு அழைத்துக்கொள்வது எல்லா வகையிலும் மேல் என்பது என் கருத்து. அவ்வாறு இங்கே இருக்கும்போது, நல்ல தண்ணீர் பல நாளுக்கு ஒருமுறை வருவதால் லைன் வீடுகளில் நிறைத்து வைக்கும் தொட்டிகளையும் மேல்நிலைத் தொட்டியையும் இடைவெளியில்லாமல் மூடி, வாரம் ஒருமுறை காலி செய்து தேய்த்துக் காயவிடுவது வீட்டு உரிமையாளரின் கடமை. முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். வாரம் தவறாமல் காய்ந்தால் கொசு உருவாகாது. ஒரு வீட்டில் வெளியிலிருந்து வந்த ஒட்டுண்ணியும், அதே வீட்டுத் தொட்டியில் ஸ்டீபன்சியும் இருந்தால் அந்தத் தெரு முழுவதற்கும் நோய் பரவும்.

கடந்த மாதம் நான்கு மாத கர்ப்பிணி மருமகளைத் தான்சானியாவுக்கு அனுப்பலாமா என்று கேட்டு வந்த பெரியம்மாவிடம், அனுப்ப வேண்டாம் என்றே சொன்னேன். மகன் இரண்டு மாத விடுப்பில் வருவதற்கு வழியிருக்கிறதா என்று கேட்டேன். அவர்கள் அதை எண்ணிப் பார்க்கவே இல்லை. முடியாது என்றால் மகப்பேறு மருத்துவரிடம் மெஃப்ளோக்வின் பற்றியும் ஃபோலிக் அமில அளவு பற்றியும் கேட்கச் சொல்லி, இரண்டு வலைகளை வாங்கச் சொன்னேன். இரண்டாவது எதற்கு என்று கேட்டார்கள். முதலாவது கிழிந்தால் அந்த ஊரில் அன்றே கிடைக்காது.

இத்தகைய பெண்ணுக்குப் பிறந்த குழந்தைக்கு முதல் சில வாரங்களில் காய்ச்சல் வந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, வெளிறினாலோ, மஞ்சள் பூத்தாலோ, தொற்று என்று மருந்து தொடங்கும்போதே குதிகாலில் ஒரு துளி இரத்தம் எடுத்துத் தடவலும் பார்க்கச் சொல்ல வேண்டும். ஒட்டுண்ணி தாயிடமிருந்து பிள்ளைக்கு நேராகப் போவது அரிது. ஆனாலும் நடப்பது உண்டு. அந்தக் குழந்தை கொசு கடிக்காத, மலேரியா இல்லாத ஊரில் பிறந்திருப்பதால் யாருக்கும் அந்த நினைவு வராது. தாய் எங்கே இருந்தாள் என்பதைத் தாயே சொல்ல வேண்டும்.